கவசத்தைக் குறை... கணவன் வருவான்!

போன் அலறியது.

லுஜைன் எடுத்தாள்.

"உன் புருஷன் எங்ககிட்ட இருக்கான்."

மனிதக் குரல் இல்லை. மெஷினில் போட்டுக் கசக்கிய குரல். தகர டப்பாவுக்குள் தவளை கத்துவது போல்...

"யா... யாரு நீங்க?"

"பேரு குஸை. சாம்பல் கலர் சட்டை. இடது கன்னத்துல மச்சம். போதுமா?"

போதும். காலையில் இஸ்திரி போடாமலே அவன் மாட்டிக்கொண்டு போன சட்டை அது.

"என்ன வேணும் உங்களுக்கு? எங்ககிட்ட பணம்..."

"பணத்தை யார் கேட்டா? திமிங்கிலக் கப்பலோட கவசத்தைக் குறை!"

"...என்னது?"

"நோன்பு திறக்கற நேரத்துல சர்வரை நிறுத்துவீங்கல்ல? திரும்ப ஓடறப்ப கவசம் குறைஞ்சிருக்கணும். இல்லேன்னா உன் புருஷன் பெருநாள் தொழுகைக்கு வரமாட்டான். அவனுக்குத்தான் தொழுகை நடக்கும்!"

கட்!

லுஜைனின் கையிலிருந்து போன் நழுவியது.

வெளியே அம்மான் நகரம் ஹாரனாக அலறிக்கொண்டிருந்தது. பசியோடு வீட்டுக்கு ஓடும் கார்கள். யாருக்கும் பொறுமை இல்லை. நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வெய்ப்தே மலைச்சரிவில் மூன்றாவது மாடி. 'மஜர்ரா' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை நடத்தும் ஆபீஸ். மொராக்கோ முதல் மஸ்கட் வரை லட்சக்கணக்கான பேர் கப்பல் ஓட்டிச் சுட்டுக்கொள்கிறார்கள். லுஜைன் அங்கே வேலை பார்ப்பவள். குஸையும்தான்.

இன்ஸ்பெக்டர் மஷ்ஹூர் வந்தார். கனத்த மீசை. நோன்புக் களைப்பில் கண் பாதி மூடியிருந்தது. கேட்டதும் முழுசாகத் திறந்தது.

"விளையாட்டுக்கா ஆளைக் கடத்தினான்?"

"போன மாசம் ஒரு கப்பலோட வேகத்தைக் குறைச்சோம் சார். ஒருத்தன் எங்கம்மா நம்பரைத் தேடிப் பிடிச்சுத் திட்டினான்."

"அது என்ன கவசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு தங்கச்சி."

"ரெண்டு படை சார். திமிங்கிலம், பருந்து. திமிங்கிலக் கப்பலெல்லாம் கூட்டமா நிக்கும். ஒண்ணை அடிச்சா, அடியில ஒரு பங்கை பக்கத்துல நிக்கறதுங்க வாங்கிக்கும். அதான் கவசம்."

"பருந்து?"

"மறைஞ்சு வரும். தனியா மாட்டினதை அடிச்சிட்டுப் பறக்கும்."

"எல்லாம் கூட்டமா நின்னா பருந்து பட்டினி."

"அதேதான்! ஒரு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கு."

"திமிங்கிலத்துக்கு யாரு பொறுப்பு?"

"நான்."

"பருந்துக்கு?"

"என் புருஷன்."

மஷ்ஹூர் மீசையைத் தடவினார்.

"ஒரே வீட்ல எப்படிம்மா சோறு இறங்குது?"

"சாப்பிடறப்ப கப்பல் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம் சார்..."

கதவு திறந்தது. முதலாளி அபூ ஸுஹைப். விஷயம் தெரிந்து வந்திருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"கவசத்தை மாத்த முடியாது."

"அபூ ஸுஹைப்!"

"இன்னிக்கு உன் புருஷனுக்காக மாத்தினா, நாளைக்கு உன்னைக் கடத்துவான். அடுத்த நாள் என்னை. அப்புறம் விளையாட்டை நடத்தறது நானா, கடத்தறவனா?"

"அவனைக் கொன்னுடுவாங்க!"

"போலீஸ் இருக்கு."

போலீஸ் கொட்டாவி விட்டது.

"அவன் ஏற்கெனவே பாதி செத்துட்டான்," என்றாள் லுஜைன். "பெருநாளுக்கு அப்புறம் பருந்துப் படையை மூடறேன், அவனையும் அனுப்பறேன்னு நீங்க சொன்னதிலேர்ந்து தூங்கல. மீதிப் பாதியையாவது எனக்குக் காப்பாத்திக் கொடுங்க. உங்க கால்ல விழறேன்."

விழுந்தாள்!

அபூ ஸுஹைப் காலை நகர்த்திக்கொண்டார்.

அவள் எழுந்து தன் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். கவச எண் திரையில் இருந்தது. நாற்பது. அதை அவள் பார்க்கலாம். தொட முடியாது. பூட்டும் சாவியும் முதலாளியிடம். விரலை வைத்துத் திரையை அழுத்தினாள், கண்ணாடிக்குள் புகுந்து எண்ணைப் பிடுங்கிவிடலாம் என்பது போல. நாற்பது அசையவில்லை.

மஷ்ஹூர் பின்னால் வந்து நின்றார்.

"மாத்த வேணாம். மாத்திட்டோம்னு சொன்னா என்ன?"

"பொய்யா?"

"விளையாடறவனுக்கு இந்த நம்பர் தெரியுமா?"

அபூ ஸுஹைப் தலையாட்டினார். "தெரியாது. இது நம்ம சர்வருக்குள்ள மட்டும் இருக்கு. அடி ஒவ்வொரு தடவையும் கூடும், குறையும். அவனவன் ஒரு கணக்கு சொல்லிக்கிட்டு ஃபோரத்துல அடிச்சுக்கறான்."

"அப்ப அறிவிப்பு மட்டும் போடுங்க. கடத்தினவன் நம்பட்டும். நான் ஆளைத் தேடறேன்."

"பொய்னு அவன் கண்டுபிடிச்சா?" என்றாள் லுஜைன்.

வேறு வழி இல்லை. அவளே எழுதினாள். 'திமிங்கிலக் கவசம் பலவீனப்படுத்தப்பட்டுள்ளது.' மூன்று தடவை தப்பாக அடித்தாள்.

பாங்கு ஒலித்தது!

ரமழானில் சர்வரை நிறுத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது. அத்தனை பேர் வாயிலும் பேரீச்சம்பழம் இருக்கும். ஆபீஸ் பையன்கள் பருப்பு சூப்பைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றி உறிஞ்சினார்கள். லுஜைன் முன்னால் வைத்த சூப்பில் ஆடை படிந்தது. ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடித்தாள்.

சர்வர் மறுபடி ஓடியது.

ஓடிய வேகத்தில் ஃபோரம் தீப்பிடித்தது!

'கவசமா இது? நனைஞ்ச ரொட்டி!'

'ஒரே அடியில போச்சு. அழிச்சிட்டுப் போறேன் இந்தக் கேமை!'

'லுஜைன் ஒழிக!'

அவள் வாய் பிளந்தாள். ஒன்றுமே மாறவில்லை. அதே நாற்பது! ஆனால் போரைப் பார்த்தால்...

திமிங்கிலங்கள் சிதறிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கப்பல் இனி காப்பாற்றாது என்று ஒவ்வொருவனும் நம்பிவிட்டான். ஆளுக்கொரு திசையில் தனித்தனியாக ஓடினார்கள். தனியாக ஓடிய திமிங்கிலம் பருந்துக்கு விருந்து. ஒரு வருஷமாகத் தோற்ற படை, போருக்குப் போர் ஜெயித்தது!

"நம்பிட்டாங்க," என்றார் அபூ ஸுஹைப். "அத்தனை பேரும் நம்பிட்டாங்க!"

"அப்ப அவனும் நம்பியிருப்பான். குஸையை விட்டுடுவான். விட்டுடுவான்ல சார்?"

போன் அலறியது!

மஷ்ஹூர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"பொய்க்காரி!" தகர டப்பாத் தவளை கத்தியது. "என்னை ஏமாத்தறியா? இன்னும் நாப்பதுலயேதான் இருக்கு!"

லுஜைன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கயிறும் அறுந்தது.

"ஐயோ... அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க! என்கிட்ட சாவி இல்ல! என்னால முடியல!"

மஷ்ஹூர் அபூ ஸுஹைப்பின் காதருகே குனிந்தார்.

"நாப்பதுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

அபூ ஸுஹைப்பின் முகம் வெளுத்தது.

"அதைப் பாக்க மூணு பேராலதான் முடியும். நான். இவ. அப்புறம்..."

"குஸை. அடிச்சு பாஸ்வேர்டை வாங்கியிருப்பான்," என்றார் மஷ்ஹூர்.

லுஜைன் வாயைப் பொத்திக்கொண்டாள். அடித்தார்களா? எங்கே? எவ்வளவு?

தவளை நிறுத்தவில்லை.

"எப்பவும் இதேதான்! ஒவ்வொரு வியாழக்கிழமை மீட்டிங்லயும் வாய் வலிக்கச் சொல்லியாச்சு! கவசம் ஜாஸ்தி, கவசம் ஜாஸ்தின்னு! 'அடுத்த வாரம் பாக்கலாம்', 'புதுசா வர்றவங்க பாவம்'... யாராவது ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டீங்களா?"

'புதுசா வர்றவங்க பாவம்.' அது லுஜைன் மீட்டிங்கில் சொல்வது. அந்த மீட்டிங்கில் உட்காருபவர்களும் மூன்றே பேர்.

அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். போனருகே குனிந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"குஸை... நோன்பு தொறந்தியா?"

மெஷின் அணைக்கப்படும் 'க்ளிக்'. பிறகு களைத்துப் போன ஒரு சாதாரண ஆம்பளைக் குரல்.

"...இல்ல."

அபூ ஸுஹைப் நாற்காலியில் விழுந்தார்.

"எங்க இருக்க?"

"ஸ்வைஃபியால. ஃப்ரெண்டு ஜவாதோட பிளாட். அவன் ஊர்ல இல்ல." மூச்சு வாங்கினான். "வேற வழி தெரியல லுஜைன். உன்கிட்ட சொன்னா கேக்கல. அவருகிட்ட சொன்னா கேக்கல. வீட்ல பேசக் கூடாது. நான் எங்கதான் போய்ச் சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினாள். சாவிக்காகக் காலில் விழுந்த முட்டி இன்னும் வலித்தது.

"நம்பரைப் பாத்தியே... ஆட்டத்தைப் பாத்தியா?"

"எதுக்கு? மாறவே இல்லையே."

"பாரு."

கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, கடத்தல்காரனின் குரலில் அப்பட்டமான சந்தோஷம்!

"லுஜைன்! பருந்து ஜெயிக்குது! வல்லாஹி... வரிசையா ஜெயிக்குது!"

"ஆமா. நீ இந்த ரெண்டாவது போனைப் பண்ணாம இருந்திருந்தா, கடத்தல்னே நானும் நம்பியிருப்பேன். உன் படையும் பிழைச்சிருக்கும். நீயும் வீட்டுக்கு வந்திருப்ப."

மறுமுனையில் சந்தோஷம் செத்தது.

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "சார்... விட்டுட முடியாதா? கடத்தப்பட்டவன் எம் புருஷன்தானே?"

"கடத்தினவனும் அவன்தானேம்மா!"

மஷ்ஹூர் ஆறிப்போன சூப்பை ஒரே மடக்கில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்த ஏட்டைக் கூப்பிட்டார்.

"குற்றவாளியும் கிடைச்சாச்சு, கடத்தப்பட்டவனும் கிடைச்சாச்சு. ஸ்வைஃபியாவுக்கு வண்டியை எடுய்யா... ரெண்டு பேருக்கும் ஜீப்ல ஒரே சீட்டு போதும், அரசாங்கத்துக்கு ஒண்ணு மிச்சம்!"