பூசைக்கு வைத்த துப்பாக்கி

துணி மறுபடியும் கறுப்பாக வந்தது.

தர்ஷன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெள்ளைப் பிளானல் துணியைக் கம்பி முனையில் சுற்றி, துப்பாக்கிக் குழலுக்கு மேலே படுத்திருக்கும் சின்ன கேஸ் குழாய்க்குள் ஒருமுறை விட்டு எடுத்ததோடு சரி, அடுப்புச் சுவரில் தேய்த்தது போலக் கரி அப்பியிருந்தது. விரலால் தொட்டான். காய்ந்துபோன பழங்கரி இல்லை. வழவழவென்று, சற்றுமுன் எரிந்து அடங்கியது போல இளஞ்சூடாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும், தீபாவளிக்கு மறுநாள் தொழிலாளர் லயத்து வாசலில் கிடக்கும் வெடிக்குப்பையின் நெடி அடித்தது.

நேற்றும் அந்தக் குழாயைத் துடைத்தான். முந்தாநாளும் துடைத்தான். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, பிஸ்டனுக்கு எண்ணெய் தொட்டு, துப்பாக்கியைப் பூட்டி, இரும்பு அலமாரிக்குள் நிறுத்தி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டுதான் படுத்தான். தோட்டாப் பெட்டி மேல்தட்டில் பிரிக்காமல் கிடக்கிறது. அதன் கட்டு நூலில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது.

சுடாத துப்பாக்கிக்குள் கரி எப்படி வரும்?

அந்தக் குழாய் வேலை செய்யும் விதத்தைத் தோட்டத்துத் தொரை ஒருமுறை காட்டியிருந்தார். குண்டு பாயும்போது அதன் பின்னால் வரும் புகையில் கொஞ்சத்தை ஒரு சின்னத் துளை மேல்குழாய்க்கு இழுத்துக்கொள்ளும். புகை பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போய் அடுத்த தோட்டாவை ஏற்றிவைக்கும். ஆள் விசையை அழுத்தினால் போதும், மற்றதைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். விட்ட மூச்சைத் தானே பாதி வாங்கிக்கொள்கிற சாமான் என்று அன்றைக்குத் தர்ஷன் வியந்தான். அந்த வழி அடைபட்டால் ஒன்று சுடும், அடுத்தது ஏறாது, கையால் போல்ட்டை இழுத்தால்தான் உண்டு என்றும் தொரை சொன்னார்.

தொரை இப்போது கொழும்பில். அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. சமையல்கார அப்புவும் ஊருக்குப் போய்விட்டான். லிந்துலைக்கு மேலே, தேயிலையும் முடிந்து டர்பன்டைன் மரக்காடு தொடங்குகிற விளிம்பில், அந்தப் பெரிய பங்களாவுக்குள் காவலுக்கென்று தர்ஷன் ஒருவன். மனைவி கிருஷாந்தி குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிறாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் போனில் அவள் குரல் வரும். மழைநாளில் அதுவும் வராது. மத்தியானம் திரும்பியதும் மூட்டம் புல்தரைமேல் ஊர்ந்து வந்து, கண்ணாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிவிடும். அப்புறம் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், எங்கோ பலகை சுருங்கி முறிகிற சத்தமும், அவன் காலடிக்கு அவன் காலடியே பதில் சொல்வதும்தான்.

அந்த நேரத்துக்குத்தான் மீனம்மா வருவாள். கொழுந்தெடுத்து முடித்து, காட்டில் விறகு பொறுக்கி, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசல் வழியே லயத்துக்கு இறங்குவாள். விறகு பொறுக்க வருகிறவர்களை வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டச் சொல்லிவிட்டுத்தான் தொரை போனார். தர்ஷன் விரட்டவில்லை. பின்வாசல் படியில் உட்காரவைத்து இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுப்பான். மழையில் நனைந்த ஒருத்திக்குச் சூடாக ஒரு வாய் கொடுத்துவிட்டால் அந்தப் பொழுது வீண்போகாது என்று மனதார நம்புகிறவன் அவன். நாள் முழுதும் அவன் கேட்கிற ஒரே மனிதக் குரலும் அவளுடையதுதான்.

அன்றைக்கும் அவள் விறகுக்கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, கரிச்சட்டி கழுவுனீங்களா?"

"துப்பாக்கிதான் அக்கா. கேஸ் குழாய தொடச்சேன்."

"துப்பாக்கிக்கே கேஸ் குடுத்திருக்காங்க. எங்க லயத்துக்குத்தான் குடுக்க மாட்டேங்கிறாங்க." தேநீரை ஊதிக் குடித்தாள். "தெனம் தொடைக்கிற அளவுக்கு அதுல என்னா அழுக்கு?"

தர்ஷன் தயங்கிவிட்டுச் சொன்னான். ஆயுத பூசை அன்று லயத்தில் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தபோது, பங்களாவில் தனியாகக் கிடக்கிற இதற்கு மட்டும் ஒன்றுமில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. கையில் எடுக்கிற சாமான் யாரையும் காயப்படுத்தாமல் இருக்கட்டும் என்று மாரியம்மன் படத்தின் முன் துப்பாக்கியைக் கிடத்தி, கேஸ் குழாயின்மேல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் அறுத்தான். சாயங்காலம் பார்த்தால் சந்தனம் கரைந்து துளைப்பக்கம் வடிந்திருந்தது. விட்டால் துரு ஏறிவிடும். அப்போதே பொட்டை அழித்து, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டான்.

மீனம்மா குவளையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கேவா?"

"ஆமாக்கா. துரு பிடிச்சிரும்ல."

"பூசைக்கு வச்சத மறுநா பொழுது விடியாம தொடுவாங்களா? என் புருசன் இருந்த காலத்துல, அடுப்பெரிக்க ஒரு சுள்ளி வெட்டக்கூட அன்னைக்குக் கத்திய எடுக்க மாட்டாரு. அது படுத்திருக்கிற நேரம். பழத்த அறுத்துக் குடுத்துட்டு, திங்கறதுக்குள்ள எழுப்பி விட்டுட்டீங்களே."

பிறகு தானே சிரித்துக்கொண்டாள். "அதான் தெனம் வெடி போட்டு எங்கள வெரட்டுறீங்களாக்கும். தொரைக்கு ஏத்த ஆளுதான்."

"என்ன வெடி?"

"காட்டுல கேக்குதே, நான் வெறகு பொறுக்கயில. நீங்கதான் பன்னிக்குச் சுடுறீங்கன்னு நெனச்சேன்."

"நான் சுடலக்கா."

ஓட்டுநீர் சொட்டியது. மீனம்மா முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மொத நாளு ஆத்துக்கு அந்தாண்ட கேட்டுச்சு," என்றாள். "அப்பறம் கொஞ்சம் கிட்ட. நேத்து குனிஞ்சு கட்டு கட்டுறேன், தலைக்கு மேல ஒரு கொப்பு ஒடிஞ்சு விழுது. காத்தும் இல்ல."

தர்ஷன் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இவளைச் சுடாமல் இருக்கத்தான் தொரையின் சொல்லைக்கூட அவன் மீறினான். இவளை நோக்கியே ஏதோ ஒன்று நாளுக்கு நாள் நெருங்கி வருகிறதென்றால்?

பங்களா விறகிலிருந்து ஒரு பெரிய கட்டைத் தூக்கி அவள் கட்டோடு சேர்த்துக் கட்டினான். அப்படியும் மனம் ஆறவில்லை. மத்தியானம் வைத்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தான்.

"இது ரெண்டு மூணு நாளைக்கு வரும். நாளைக்குக் காட்டுப்பக்கம் வராதீங்கக்கா."

"தூக்குச்சட்டி?"

"நானே லயத்துக்கு வந்து வாங்கிக்கிறேன். நீங்க வராதீங்க."

"சரி, நீங்க வரலைன்னா நான் வருவேன். பங்களா சட்டிய அமுக்கிட்டேன்னு பேரு வாங்கவா?" அவள் கட்டைத் தலையில் ஏற்றினாள். "வெறுஞ்சட்டியாவும் குடுக்கமாட்டேன், பாத்துக்குங்க."

மூட்டம் முதலில் அவள் காலை விழுங்கியது. பிறகு விறகுக்கட்டு மட்டும் தனியாக மிதந்துபோயிற்று.

மறுநாள் காலை தர்ஷன் ஒரு முடிவுக்கு வந்தான். துடைப்பதால் பயனில்லை. அது மூச்சுவிடும் வழியையே எடுத்துவிடுவது. கேஸ் குழாயையும் பிஸ்டனையும் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி காலடியில் வைத்துவிட்டால் அது வெறும் இரும்புதானே. அதை முடித்த கையோடு லயத்துக்கு இறங்கிவிடலாம்.

பிஸ்டன் வரவில்லை. ஒரே இரவில் கரி இறுகிக் குழாயோடு குழாயாக ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தான். கட்டையால் மெதுவாகத் தட்டிப் பார்த்தான். மடியில் வைத்துத் திருகினான். இரும்பின் சூடு உடுத்திருந்த சாரத்தைத் தாண்டித் தொடையில் இறங்கியது. குனிந்து பார்க்கும்போதெல்லாம் குழாயின் வாயிலிருந்து மெல்லிய காற்று அவன் கன்னத்தில் பட்டது; ஒருமுறை வெளியே, ஒருமுறை உள்ளே. ஜன்னல் காற்று என்று சொல்லிக்கொண்டான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கடைசியில் பிஸ்டன் ஒரு பெருமூச்சோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவன் கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. உள்ளே கரிக்கு அடியில் குங்குமம் இருந்தது. அன்று அழித்த குங்குமம். ஈரமாக.

குழாயையும் பிஸ்டனையும் துணியில் முடிந்து மாரியம்மன் படத்தின் கீழே வைத்தான். விளக்கேற்றினான். மிச்சத் துப்பாக்கியை அலமாரியில் நிறுத்திப் பூட்டினான். தாயே, அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டுச் சொன்னான். நெஞ்சு கொஞ்சம் லேசானது.

நிமிர்ந்தபோது ஜன்னல் வெள்ளையாக இருந்தது. மூட்டம் இறங்கிவிட்டிருந்தது. மத்தியானம் போனதே தெரியவில்லை.

லயம். தூக்குச்சட்டி. நீங்க வரலைன்னா நான் வருவேன்.

செருப்பைத் தேடினான். லயத்திலிருந்து பங்களாவுக்கு ரோட்டு வழி சுற்று. பின்வாசலிலிருந்து காட்டோரமாக இறங்கும் ஒற்றையடிப் பாதைதான் குறுக்கு. அவள் ரோட்டில் வரமாட்டாள்.

அப்போது வெடித்தது.

தூரத்தில், மேலே, காட்டுக்குள். ஒரே ஒரு வெடி. மலை அதை வாங்கி, அடுத்த மலைக்குக் கொடுத்து, மெல்ல விழுங்கியது. மேசைமேல் விளக்குச் சுடர் நிமிர்ந்து நின்றது. துணி முடிச்சு வைத்த இடத்திலேயே இருந்தது. அவன் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தான். குழாய் உள்ளே இருந்தது. பிஸ்டன் உள்ளே இருந்தது.

வழி அடைபட்டால் ஒன்று சுடும்.

அவ்வளவுதான், என்று நினைத்தான். அடுத்தது ஏறாது. ஒன்றோடு முடிந்தது. அது அவள்மேல் பட்டிருக்காது. அவ்வளவு பெரிய காட்டில், அந்த மூட்டத்தில், பட்டிருக்காது. மாரியம்மா, பட்டிருக்கக்கூடாது.

அலமாரிக்குள் சத்தம் கேட்டது.

மெதுவான சத்தம். இரும்பு இரும்பை உரசிக்கொண்டு பின்னால் போகிறது. அவசரமில்லாமல். பழகிய கை இழுப்பதுபோல.

நின்றது.

பிறகு, முன்னால். கிளிக்.

தர்ஷன் அரைஞாணைத் தடவினான். சாவி இருந்தது. அலமாரிப் பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவின் இடுக்கு வழியே கரியின் நெடி வந்தது. அதோடு, மிக லேசாக, சந்தன வாசம்.

"அக்கா," என்றான். பின்வாசலுக்கு ஓடினான். தாழ்ப்பாள் கறுத்த விரல்களில் வழுக்கியது. கதவைத் திறந்து மூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "அக்கா, வராதீங்க. திரும்பிப் போங்க."

சொட்டுகிற தண்ணீர்.

இரண்டாவது வெடி.

பக்கத்தில். வேலியோரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காக்கைகள் எழவில்லை. ஒன்றும் அசையவில்லை. மூட்டம் மட்டும் ஒரு இடத்தில் சுழன்று, விலகி, மறுபடி மூடியது.

அப்புறம் செருப்புச் சத்தம். ஈர மண்ணில், நிதானமாக.

மூட்டத்திலிருந்து மீனம்மா வந்தாள். தலையில் விறகு இல்லை. தோளில் நனைந்த சாக்கு. தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். முகத்தில் எப்போதும் உள்ள சிரிப்பு.

நடந்துதான் வருகிறாள். ஒன்றும் ஆகவில்லை. தாயே.

"வரேன்னுட்டு வரலையே தம்பி," என்றாள். "என்ன சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க? காதே அடைச்சிருச்சு. ஒண்ணும் கேக்கல."

"உள்ள வாங்கக்கா. சீக்கிரம்."

"மொதல்ல இத பிடிங்க. வெறுஞ்சட்டியா குடுக்கமாட்டேன்னு சொன்னேன்ல. சக்கரைப் பொங்கல். சூடா இருக்கு."

அவள் தூக்குச்சட்டியை நீட்டவில்லை. நீட்ட முடியாததுபோல நெஞ்சோடே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறினாள். பின்வாசல் விளக்கு அதன்மேல் விழுந்தது.

அலுமினியத்தில் ஒரு துளை. சின்னது. வட்டமானது. விளிம்பில் கரி.

அதன் வழியே பொங்கல் சொட்டவில்லை. ரத்தமும் இல்லை. தர்ஷன் பார்த்தான். அந்தத் துளைக்குள், அவள் நெஞ்சையும் கடந்து, அவளுக்குப் பின்னால் இருக்கிற புல்தரை தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. டர்பன்டைன் மரங்கள் தெரிந்தன.

"என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க," என்றாள் மீனம்மா. "குளுருது. பிளேன்டீ இருக்கா?"

உள்ளே, பூட்டிய அலமாரியில், இரும்பு மறுபடி மெல்லப் பின்னால் போயிற்று.

அவன் கறுத்த இரண்டு கைகளையும் நீட்டினான். கொண்டுவந்தவளிடம் வாங்காமல் நிற்க அவனுக்குத் தெரியாது. அவள் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு வாய்க்கு வரவில்லை. சட்டியின் துளை வழியே, நூலாக, வெள்ளையாக, மூட்டத்தோடு சேர்ந்து அவன் முகத்தை நோக்கி வந்தது. பொங்கல் வாசமும், கரி நெடியும், இன்னும் இளஞ்சூடும் அதில் இருந்தன.