சுண்டுவின் பச்சைப் புள்ளி

பேருந்திலிருந்து இறங்கும்போதே அவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டான். தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாளாகப் போனை எடுக்காத கழுதை, வேலையை மட்டும் ஒழுங்காகப் பார்க்கிறாள். அவளுடைய மாடி அறைக்குப் போனதும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே கம்பெனிதான் படியளந்தது. அவன் அலுவலகத்தில் புரோகிராமர். சுண்டு என்று அவன் கூப்பிடும் தங்கை, வாடகை அறையில் இருந்தபடி கம்பெனியின் இணையதளத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள். யார் எவ்வளவு நேரம் உண்மையாகவே வேலை பார்க்கிறார்கள் என்று அளக்கும் பகுதியை எழுதியவன் அவன்தான். விசைப்பலகையோ மவுஸோ அசைந்தால் பச்சை. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் சாம்பல் நிறம். அப்புறம் ஆளையே வெளியே தள்ளிவிடும்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் புரோகிராம் என்னை வெரட்டுதுண்ணா. நல்லா இருப்பியா நீ?" என்று போன வாரம் காய்ச்சலோடு சிரித்தாள்.

அந்தக் காய்ச்சலுக்காக நேற்றே வந்திருக்க வேண்டும். பச்சையைப் பார்த்துவிட்டு, தேறிவிட்டாள் என்று இருந்துவிட்டான்.

பழைய வீடு. பட்டப்பகலிலும் மாடிப்படி இருண்டு கிடந்தது. சுவரெல்லாம் ஈரம், ஊறிய சுண்ணாம்பு வாடை. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. எலி செத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வீட்டுக்காரம்மா படியில் பாதியிலேயே நின்றிருந்தார், கையில் மாற்றுச் சாவியோடு.

"நல்லவேளை வந்தீங்க தம்பி. ரெண்டு நாளா பொண்ணு கீழ எறங்கல. கதவத் தட்டுனா தொறக்கல. ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "டைப் அடிக்கிற சத்தம் மட்டும் விடாம கேக்குது."

"வேலை பாக்குறாம்மா. இதோ பாருங்க, பச்சை எரியுது. கை அசையாம இது எரியாது."

அந்த அம்மா கைப்பேசியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தார்.

இருவரும் மேலே ஏறினார்கள். கதவுக்குப் பின்னால் விசைகள் தட்டுப்படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏய் சுண்டு! கதவத் தொறடி!"

சத்தம் நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது.

சாவி திரும்பியது, உள்தாழ்ப்பாள் விடவில்லை. அவன் தோளால் மோதினான். மூன்றாவது மோதலில் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வர, கதவு திறந்தது. வாடை முகத்தில் அறைந்தது.

அவள் கட்டிலில் இருந்தாள்.

சுவரைப் பார்த்து ஒருக்களித்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டான். சில்லிட்டிருந்தது. உள்ளங்காலைத் தேய்த்தான். "சுண்டு, அண்ணன் வந்திருக்கேன்டா. எழுந்திரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று தேய்த்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி... போயிடுச்சுப்பா. நேத்து முந்தாநாளே போயிருக்கும்."

"இல்ல. பச்சை எரியுதே!"

அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்தப் புள்ளியை விட்டால் பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறெதுவும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பினான். மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன, அவள் அடிப்பதுபோலவே அவசரமில்லாமல். திரையில் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் உருவாகிக்கொண்டிருந்தது.

விசைகள் நின்றன.

அவனால் அசைய முடியவில்லை. அறையில் எதுவுமே அசையவில்லை. சற்றுப் பொறுத்துத் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. அவன் எழுதிய வாசகம்தான்.

'இன்னும் இருக்கிறீர்களா?'

அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. 'ஆம்' என்ற பொத்தானில் போய் நின்றது.

க்ளிக்.

"அத மூடுப்பா! மொதல்ல அத மூடு!" என்று வீட்டுக்காரம்மா அலறினார்.

அவன் பாய்ந்து மூடியைப் பிடித்து அழுத்தினான். அது கடைசிவரை இறங்கவில்லை. நடுவில் ஏதோ தடுத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்கு மட்டும் மெத்தென்று தெரிந்தது. பலம் கொண்டமட்டும் அழுத்தினான்.

மூடிக்கடியில் விரல்கள் நெளிந்தன.

மெலிந்த விரல்கள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவன் பிடித்துக்கொண்ட விரல்கள்.

"ஐயோ, வலிக்குதாடா?" என்று கேட்டுவிட்டு அவன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டான்.

மூடி தானாக மெல்ல நிமிர்ந்தது. அடுத்த புகார் திரைக்கு வந்தது. விசைகள் அமுங்கத் தொடங்கின.