படியேறிய சருகு

காலையில் பெருக்கிய படிகளில் மறுபடியும் சருகு கிடந்தது. காற்றே இல்லை. காட்டுக் காவலர் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, கண்காணிப்புக் கோபுர உச்சியிலிருந்த தன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில், வறண்ட உள்ளங்கைகளைத் தேய்ப்பதுபோல ஒரு சரசரப்பு படிப்படியாக மேலே ஏறி வந்தது.

கீழே காடெங்கும் முழங்கால் உயரத்துக்குச் சருகு. குளிர்காலத்தில் பகுதி பகுதியாகக் கொளுத்திக் கழித்திருக்க வேண்டும். ஆனால் 'தீயே பிடிக்காத காடு' என்று ஆண்டுதோறும் கிடைக்கும் கேடயத்தின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. புகை தெரிந்தால் பெயர் கெட்டுவிடுமே! சிறு பொறியைக்கூட மிதித்து அணைத்தார். விழுந்த இலையெல்லாம் விழுந்த இடத்திலேயே காய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. இந்த வருடம் மழையும் பொய்த்துவிட்டது.

வயர்லெஸ்ஸில் மைத்துனனை அழைத்தார். அவன்தான் ஜீப் ஓட்டுநர்.

"மச்சான், உடனே வந்து கூட்டிட்டுப் போடா. சருகு படியேறி வருது."

"சருகுக்கே இந்தப் பயமா? எங்க அக்காகூட எப்படி மாமா குடும்பம் நடத்துறீங்க?" சிரித்தான். "சாப்பாடு குடுத்து விட்டிருக்கா. இதோ வந்துட்டேன்."

சரசரப்பு கதவுவரை வந்து நின்றது. கதவைத் தள்ளினார். அசையவில்லை. கதவிடுக்கு வழியாகச் சருகின் நுனிகள் உள்ளே நீண்டிருந்தன. புழுங்கிய தூசி வாடை தொண்டையை அடைத்தது. ஜன்னலில் குரங்குகளுக்காக அடித்த இரும்பு வலை. அடித்ததும் அவரேதான்.

வலை வழியே பாதையைப் பார்த்தார். சருகு இரு பக்கமும் ஒதுங்கிக்கொண்டிருந்தது. வழி விடுகிறது. யாருக்கு?

தூரத்தில் ஜீப் சத்தம்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இவ்வளவு சருகுக்கும் குறை ஒன்றுதான். சூடு. மலையேறி வரும் ஜீப்பின் அடியில் சைலன்சர் பழுக்கக் காய்ந்திருக்கும்.

"வராதே! திரும்பிப் போடா!" வயர்லெஸ்ஸில் சரசரப்பு மட்டுமே கேட்டது. வலையைப் பிடித்து உலுக்கினார். கத்தினார். குரல் இறங்கவில்லை.

ஜீப் கோபுரத்தடியில் நின்றது. மைத்துனன் இறங்கி, சாப்பாட்டுத் தூக்கை உயர்த்திக் காட்டினான்.

"மாமா! ரோடு பளிச்சுனு இருக்கே. நீங்களா பெருக்கினீங்க?"

அவன் பின்னால் பாதை மூடிக்கொண்டது. ஓசையில்லாமல். ஒரு சருகு ஜீப்பின் அடியில் நுழைந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

மெல்லிய புகை.

அவன் இன்னும் மேலே பார்த்துச் சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தான்.