முப்பத்திரண்டு சிவப்புக் கோட்டுகள்

போன் அலறியது.

பல் டாக்டரின் வலது கையில் டிரில். இடது கையில் நோயாளியின் கன்னம். மூன்றாவது கை இல்லாததால் டிரில்லைக் கீழே வைத்தார்.

"என்ன சகலை! இந்த வருஷமும் உங்க மானம் கப்பலேறிடுச்சு போல!"

மனைவியின் அக்கா கணவர். ரிசீவர் உடையும்படி சிரித்தார்.

"கிறிஸ்துமஸ் கார்டு வந்துருச்சா?"

"இப்பதான் தபால்ல வந்துச்சு. ஆமா, முதுகு வலி தேவலையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் உங்க பொண்டாட்டி கார்டுல போட்டு நாறடிச்சிருக்காளே! அதை விடுங்க... கிறிஸ்துமஸ் தாத்தாவோட கோட்டு பிரமாதம்! நிஜக் கம்பளி சகலை! தடவிப் பாத்தா பழைய ஸ்வெட்டரை வெட்டின மாதிரியே இருக்கு..."



சிவப்புக் கம்பளி...!

போனை வைத்தார். பாதி குடைந்த பல்லோடு நோயாளி "ஆ..." என்று கிடக்க, வெளியே ஓடினார். கார் டிக்கியைத் திறந்தார்.

ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது.

பழந்துணிப் பை இல்லை!

பத்தொன்பது வருடங்களாக நடக்கும் கூத்து இது. அவர் மனைவி பள்ளியில் டிராயிங் டீச்சர். டிசம்பர் வந்தால் சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்துவிடுவாள். மொத்தம் முப்பத்திரண்டு கார்டு. பல்லுக்கு ஒன்று என்பாள். விஷயம் எப்போதும் ஒன்றுதான்... அந்த வருடம் வீட்டுக்காரர் எப்படி அசடு வழிந்தார் என்பது. ஏணியிலிருந்து விழுந்தது, சொந்தக் காரைத் தொலைத்தது, எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் தாத்தா தலையில் கட்டி வரைந்துவிடுவாள். தாத்தாவின் கோட்டுக்குக் கடையில் துணி வாங்கமாட்டாள். கிழிந்த குடை, பழைய திரைச்சீலை, வீட்டில் எது சிவப்போ அது. முகவரியும் அவளே, பச்சை மையில்.

டாக்டர் அந்தப் படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தன்னைக் கேலி செய்வதை உட்கார்ந்து ரசிக்க அவருக்கென்ன தலையெழுத்தா? அவருக்கு மட்டும் கார்டு வந்ததும் கிடையாது. குறைப்பட்டால், ஒரே வீட்டில் இருப்பவருக்கு எதற்குத் தபால்தலை என்பாள்.

ஆனால் அந்தப் பை...

அதில் இருந்தது சிட்டுவின் ஸ்வெட்டர்!

சிட்டு அவருடைய கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண். பெயருக்கேற்றபடி துறுதுறு. மூன்று மாதம் முன்பு ஒரு நோயாளி நாற்காலியிலேயே இறந்துபோனார். ஒத்துக்கொள்ளாத ஊசி. ஃபைலில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும் டாக்டர் பார்க்கவில்லை. மாரடைப்பு என்று சொல்லி மூடிவிட்டார்.

சிட்டு மூடவில்லை.

"தப்பு டாக்டர். அவங்க வீட்ல சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா திங்கக்கிழமை நானே போய்ச் சொல்வேன்."

திங்கட்கிழமை வருவதற்கு முன் அவளுக்கும் ஒரு ஊசி போட்டார். இந்தத் தடவை தெரிந்தே போட்டார்.

போலீஸில் அழகாகக் கதை சொன்னார். 'ஆறு மணிக்குச் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினா. பஸ் ஏறினதை என் கண்ணால பாத்தேன்.' ஸ்வெட்டரின் முழங்கையில் கிழிசலை மறைத்து ஒரு மஞ்சள் பூ தைத்திருக்கும் என்று ஹாஸ்டல் தோழி சொன்னதையும் சேர்த்து நோட்டீஸ் ஒட்டினார்கள்.

போன வாரம் எக்ஸ்ரே அறைக் கதவுக்குப் பின்னால், தொங்கிக்கொண்டிருந்த ஈய அங்கியை எடுத்தார்.

அதற்கடியில் சிவப்பு ஸ்வெட்டர்!

கொளுத்தலாம், கொளுத்தலாம் என்று டிக்கியில் போட்டு வைத்திருந்தார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பறந்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல?" மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"டிக்கியில ஒரு பை வச்சிருந்தேன்..."

"பழந்துணியா? நான்தான் எடுத்தேன். சிவப்பா ஏதோ கிடந்துச்சு, கோட்டுக்கு வெட்டிட்டேன். ஏன், வேணுமா?"

"சேச்சே... கார் துடைக்கத்தான்."

"அதுல ஒரு மஞ்சப் பூ கூட இருந்துச்சுங்க. வீணாக்க மனசு வரல. ஒரே ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுல மெடல் மாதிரி ஒட்டிட்டேன்."

"யா... யாருக்கு அனுப்பின அதை?"

"உங்ககிட்ட பல்லு காட்ட வர்ற இன்ஸ்பெக்டருக்கு! உத்தியோகத்துக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னுதான்."



டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் பாட்டுக்குப் பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். தெரிந்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாளே! தெரியாது. நிச்சயம் தெரியாது.

மற்றவை வெறும் கம்பளி. அந்தப் பூ ஒன்றுதான் எமன்!

அலமாரியில் உபரியாக ஒரு கார்டும் கவரும் இருந்தன. அவள் சமையலறைக்குப் போனதும் அவை டாக்டரின் சட்டைக்குள் போயின. காரில் வைத்து, பையிலிருந்த நீலப் பேனாவால் முகவரி எழுதினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டாக்டர்! நீங்க அடைச்ச பல்லு ஜோரா இருக்கு. அதைப் பாத்துப் பக்கத்துப் பல்லுக்குப் பொறாமை."

"அதான், பாத்துட்டுப் போலாம்னு..."

மேஜை ஓரத்தில் பிரிக்காத தபால்கள். மூன்றாவதாக, பச்சை மை எழுத்து!

"உங்க கிளினிக் பொண்ணைப் பத்தித்தான் ஒரு துப்பும் கிடைக்கல" என்றார் இன்ஸ்பெக்டர். "அன்னிக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தானே போனா?"

"சத்தியமா. என் கண்ணால பாத்தேன்."

"ஐயா, போன்!" என்று கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார்.

பத்து விநாடி. பச்சை மை சட்டைக்குள் போனது... நீல மை மேஜைக்கு வந்தது!

கிளினிக்குக்குத் திரும்பியபோது நோயாளி கோபித்துக்கொண்டு போயிருந்தார். நல்லது. டாக்டர் கதவைச் சாத்தினார். கவரைக் கிழித்தார்.

இருந்தது... தாத்தாவின் நெஞ்சில் மஞ்சள் பூ!

படத்தைப் பார்க்கவில்லை. ஸ்டீல் தட்டில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தார். கம்பளி சுருண்டு கருகியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"என்ன டாக்டர், பொசுங்கின நாத்தம்?"

திரும்பினார்.

இன்ஸ்பெக்டர்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கும் பின்னால்... மனைவி!

"என் மேஜையில பச்சை மை கவரை வச்சுட்டுப் போனேன். திரும்பி வந்தா நீல மை" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுவும் டாக்டர் எழுத்து! என் பேரை நானே எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன்."

டாக்டர் ஒரு கணம்தான் யோசித்தார். கையை நீட்டி மனைவியைக் காட்டினார்.

"அவதான் சார்! டிக்கி சாவி அவகிட்டயும் இருக்கு! சிட்டுவோட ஸ்வெட்டரை வெட்டிக் கார்டு பண்ணினது அவ! நான் அவளைக் காப்பாத்தத்தான்..."

"சிட்டுவோட ஸ்வெட்டரா? அப்படின்னு யார் சொன்னது?"

"இ... இது..."

"ஸ்வெட்டர் முழுசா இருக்கு டாக்டர்." இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு. முழங்கையில் மஞ்சள் பூ. "நாலு நாள் முன்னாடியே இவங்க கொண்டுவந்து குடுத்துட்டாங்க. டிக்கிக்குச் சாவி ரெண்டு பேர்கிட்ட. யார் பயப்படறாங்கன்னு நாங்க பாக்கணுமே!"

மனைவி முன்னால் வந்தாள்.

"நீங்க எரிச்சது கடைக் கம்பளி. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா காசு குடுத்து வாங்கினேன். பூவும் நான் தைச்சது. சிட்டுவுக்கு அந்தப் பூவைத் தைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தாங்க. வருஷா வருஷம் என்கூட உக்காந்து கார்டு ஒட்டின பொண்ணு அவ. பக்கத்து அறையில இருந்துக்கிட்டு அதைக் கூட நீங்க பாத்ததில்ல."

"நீ... நீ..."

"ரெண்டு கார்டுதான் தபால்ல போச்சு. ஒண்ணு இவருக்கு. ஒண்ணு எங்க அக்கா வீட்டுக்கு. அத்தான்தான் முதல் ஆளா உங்களுக்குப் போன் பண்ணுவார்னு தெரியும். மீதியை யாருக்கும் அனுப்ப எனக்கு மனசு வரல."

இன்ஸ்பெக்டர், டாக்டர் வைத்துவிட்டு வந்த கார்டைப் பிரித்தார்.

"நீங்க கோட்டைத்தான் பாத்தீங்க. படத்தைப் பாக்கல."

டாக்டர் பார்த்தார்.

பல் ஆஸ்பத்திரி நாற்காலி. பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா. முதுகில் பரிசு மூட்டைக்குப் பதில் சிமெண்ட் மூட்டை! இடுப்பில் பிளாஸ்திரி. உள்ளே பச்சை மையில்...

'தரைக்குத் தானே சிமெண்ட் பூசினார்! மேஸ்திரி கூலி மிச்சம்... தைலச் செலவு அதிகம்!'

"சிரிச்சுக்கிட்டேதான் வரைஞ்சேன்" என்றாள் மனைவி. "இங்க ரெண்டாவது ரூம்ல தண்ணிக் குழாய்க்காகத் தோண்டின பள்ளத்தை, சிட்டு காணாமப் போன வாரம் நீங்களே மூடிட்டு, முதுகு வலின்னு ஒரு வாரம் படுத்தீங்களே... அது எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. படத்தை முடிச்சுட்டு சிவப்புத் துணி தேடி டிக்கியைத் திறந்தேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவினார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"அந்த நாற்காலியில மூணு தடவை வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன் டாக்டர். என் காலுக்குக் கீழயே அந்தப் பொண்ணு..."

கான்ஸ்டபிள்கள் கடப்பாரையோடு இரண்டாவது அறைக்குள் போனார்கள். முதல் அடி விழுந்தது. நாற்காலி அதிர்ந்தது.

டாக்டரின் மணிக்கட்டில் விலங்கு ஏறியது.

"பத்தொன்பது வருஷம் உன்கூட வாழ்ந்திருக்கேன்..." என்று முனகினார். "என்னை இப்படி மாட்டி விட்டுட்டியே!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு மட்டும் கார்டு வரலேன்னு குறைப்பட்டீங்களே... அடுத்த வருஷத்துலேர்ந்து தவறாம வரும். ஜெயிலுக்குத் தபால்தலை ஒட்டணுமில்ல!"