வாளிக்காரர் விழுந்த இடம்

"என் வீட்டுக்காரர் செத்து நாற்பது நாள் ஆச்சு, சார். இன்னும் மத்தியானம் மூணு மணிக்கு மேடையில விழுந்துக்கிட்டுதான் இருக்கார்."

துப்பறிவாளர் பேனாவை மூடிவைத்தார். தபால் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்த அவருடைய மச்சான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

வந்திருந்தவர் வாளிக்காரரின் மனைவி. இருபது வருடம் விழுந்தே ஊரைச் சிரிக்கவைத்த குள்ள மனிதர் வாளிக்காரர். தலையில் தகர வாளியைக் கவிழ்த்துக்கொண்டு சாக்பீஸ் கோட்டிலிருந்து ஐந்து காலடி நடப்பார்; பிறகு மரக்கட்டை மாதிரி குப்புறச் சாய்ந்து, மேடைக் குழிக்குள் மறைந்துபோவார். உள்ளே மெத்தை இருக்கும். கடைசி ஆட்டத்தில் குழியின் விளிம்பில் கழுத்து முறிந்தது. கால் தடுக்கிய விபத்து என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

"அதுவும் வேடிக்கைன்னு ஜனங்க ரெண்டு நிமிஷம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சார்."

"இப்போ என்ன சத்தம் கேக்குது?"

"அரங்கத்துப் பின்சுவரை ஒட்டித்தான் எங்க வீடு. அஞ்சு காலடி கேக்கும். அப்புறம் பலகையில தொம்முனு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா கதவு திறந்திருக்கும், உள்ளே ஒருத்தரும் இல்ல."

"மெத்தையில விழற சத்தம் இல்லையே?"

அவர் யோசித்தார். "இல்ல. பலகைதான்."

மறுநாள் மத்தியானம் அரங்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசையாக மேடையைப் பார்த்தபடி இருந்தன. பலகையில் பளிச்சென்று ஒரு சாக்பீஸ் கோடு. அதற்கும் குழிக்கும் நடுவில், ஈரத்துணியால் துடைத்த இன்னொரு கோடு. பலகை இடுக்குகளில் மட்டும் வெள்ளை மிச்சமிருந்தது.

மச்சானும் வாளிக்காரர் உயரம்தான். வாளியை மாட்டிக்கொண்டு பளிச்சென்ற கோட்டிலிருந்து ஐந்து காலடி நடந்தான். குழிக்கு இரண்டரை முழம் முன்னாலேயே நின்றான்.

வாளியைக் கழற்றிக் குழியைப் பார்த்தான். "அத்தான், இங்கேயிருந்து சாஞ்சா விளிம்பு சரியா கழுத்துல..."

"அவருக்குக் கால் தடுக்கல. கோடுதான் தள்ளிப்போயிருக்கு. இப்போ பழைய கோட்டுலேர்ந்து நட."

இந்த முறை கால்விரல் குழியின் விளிம்பைத் தொட்டது.

அரங்கச் சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒருவர் மேனேஜர். மற்றவர் ஒன்பது வருடமாக வாளிக்காரருடன் ஜோடியாக நடித்த நெட்டையர். வெயிலிலும் புருவம்வரை கம்பளிக் குல்லா போட்டிருந்தார். மூன்று மணிக்கு வாளிக்காரரின் மனைவி முன்னால் இருவரையும் வரவழைத்து, வாளியை மாட்டிக்கொண்டு புதுக்கோட்டிலிருந்து நடக்கச் சொன்னார் துப்பறிவாளர். மேனேஜர் ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டார். நெட்டையர் ஐந்து அடி வைத்தார். கால்விரல்கள் இம்மி பிசகாமல் விளிம்பில் நின்றன. வாளியை அவர் கழற்றவில்லை.

"இது உங்க காலுக்குப் போட்ட கோடு," என்றார் துப்பறிவாளர். "அவரோட ஆட்டத்தை யாருக்கும் தெரியாம பழகியிருக்கீங்க."

வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒன்பது வருஷம் அண்ணன்கிட்ட மேடையில அறை வாங்கினேன். அந்தச் சிரிப்பு ஒரு தடவையாவது எனக்கு விழணும்னு இருந்துச்சு. கடைசி ஆட்டத்தன்னிக்கு மத்தியானம் அவர் கோட்டை அழிச்சிட்டு என் கோட்டுலேர்ந்து பழகினேன். திருப்பிப் போட மறந்துட்டேன். மறந்தேனா, மறக்கணும்னு நினைச்சேனா... அதைத் தெரிஞ்சுக்கத்தான் தினமும் குழியைப் பலகையால மூடிட்டு அது மேல விழறேன். அண்ணி, நீங்க ஓடி வந்தா குழிக்குள்ள இறங்கிப் பலகையை மூடிப் படுத்துக்குவேன். உங்க கால் சத்தம் தலைக்கு மேல போகும். இன்னும் தெரியல, அண்ணி."

வாளிக்காரரின் மனைவி மேடையேறி, இரண்டு கையாலும் வாளியைத் தூக்கினார். குல்லாவும் கூடவே வந்தது. நெற்றி முழுக்கக் கன்றிப்போன கறுப்பு வீக்கம். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டேஷனுக்குப் போகலாம், வா," என்றார். "தெரியலங்கறதையும் அங்கே அப்படியே சொல்லு."