பக்கப்பெட்டியில் ஒரு பாரம்

காலியாக ஓடும்போது பக்கப்பெட்டி துள்ளும். திவினாவுக்கு அது பழகிப்போன தொல்லை. மோட்டார் சைக்கிளோடு வெல்டிங் வைத்துச் சேர்த்த தகரப் பெட்டி. ஆள் உட்கார்ந்திருந்தால் அடங்கி வரும், இறங்கிவிட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் தடதடவென்று குதித்து, வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் இடுப்பை ஒரு வழி பண்ணிவிடும். தீவைச் சுற்றிப் பார்க்க மணிலாவிலிருந்து வந்த ஜோடியைப் படகுத்துறை விடுதியில் இறக்கிவிட்டு, தென்னந்தோப்புச் சாலையில் திரும்பி, பாலத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய பள்ளத்தில் வண்டியை விட்டாள். பெட்டி துள்ளவில்லை.

தண்ணீர்க் கேன் உள்ளேயே கிடக்கும், ஈரக் கயிறும் இருக்கும், அந்தப் பாரம்தான் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சூரியன் இறங்கிவிட்டது, கடல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறல் மிச்சமிருந்தது, தோப்புப் பக்கம் நன்றாகவே இருட்டிவிட்டது. தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், தூரத்தில் தேவாலயத்து மாலை ஜெபம், எஞ்சினின் இருமல். இவற்றுக்கு நடுவே ஒரு வாசனை வந்தது. வௌவால் எச்சமும் பாசியும், வெயிலே படாத கல்லின் ஈரமும் கலந்த வாசனை. குகைக்குளத்தின் வாசனை. மத்தியானம் அங்கேதானே போனோம், துணியில் ஒட்டியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தையும் வெள்ளை மணலையும் எல்லா வண்டிக்காரர்களும்தான் காட்டுகிறார்கள். திவினாவின் பிழைப்பே மற்றவர்கள் காட்டாத இடங்களில்தான் ஓடியது. ஆலம்வேர் விழுங்கிய பழைய மணிக்கூண்டு, பாறை ஓட்டை வழியாகக் கடல் பெருமூச்சு விடும் முனை, கடைசியில் மலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குகைக்குளம். அங்கே போகாதே என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை. கூட்டிக்கொண்டு போனதை எல்லாம் திரும்பக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்வார்கள்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிளம்பும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, 'வா, போகலாம், இங்கே தங்காதே' என்று கூப்பிட வேண்டும். அவர்கள் 'வர்றேன்' என்று சொல்ல வேண்டும். கூப்பிடாமல் விட்டால் உடம்பு மட்டும் நடந்து வீடு வந்துவிடும். உள்ளே இருக்கிற ஆள் அங்கேயே உட்கார்ந்துவிடும், காலியான உடம்பில் அங்கே இருக்கிற வேறொன்று ஏறிக்கொள்ளும். அந்த ஊரில் பிறந்த யாரும் இதை மறப்பதில்லை. செருப்பு மாட்டுவதுபோல அது ஒரு பழக்கம்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவள் மகள் லூமிங்கும் கூட வருவாள். ஏழு வயது, வாய் மட்டும் எழுபது வயதுக்கு. வந்தவர்கள் மடியில் ஏறிக்கொண்டு, குதிகாலால் பெட்டியின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவாள். டொக், டொக். ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியாது. கால் எட்டல, தூக்கி எறக்கு என்று கையை நீட்டுவாள். அவள் அப்பா கப்பலில் வேலைக்குப் போனவர். திவினாவுக்கு இந்த உலகத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த உயிர் அது ஒன்றுதான்.

போன வாரம் ஒரு பெரிய கூட்டத்தைக் குளத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். ஒரே பாட்டு, கூத்து. திடீரென்று மழை கொட்டியது. குகை இருட்டில் தடவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் விரட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. மழைதானே என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து லூமிங் பேச்சைக் குறைத்துவிட்டாள். கருவாடு என்றால் உயிரை விடுகிறவள், தட்டைத் தள்ளி வைத்தாள். உப்பில்லாத வெறும் சோறு போதும் என்றாள். சுவரைப் பார்த்துப் பாயில் படுத்தே கிடந்தாள். இப்போதுதான் பிள்ளைக்கு அடக்கம் வந்திருக்கிறது என்று திவினா பக்கத்து வீட்டு கிரிசிங் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு மழையில புள்ள பேரைச் சொல்லிக் கூப்பிட்டியாடி?"

"கூப்பிடாம இருப்பேனாக்கா?"

சொல்லிவிட்டாளே தவிர, கூப்பிட்டோமா என்று அவளுக்கே நினைவில்லை. கூப்பிட்டுத்தான் இருப்போம் என்று அதை அப்படியே அமுக்கி வைத்தாள்.

பாலம் வந்தது. மரப்பலகைகள் வழக்கத்தைவிடக் கனமாக முனகின. அப்போதுதான் மத்தியானம் நடந்தது அவளுக்கு உறைத்தது.

குளத்தை விட்டுக் கிளம்பும்போது அந்த ஜோடியை முறைப்படி கூப்பிட்டாள். ரமோன், வா போகலாம். ஷெரில், வா போகலாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருகிறோம் என்றார்கள். பிறகு பழக்கதோஷத்தில் வாய் தானாகத் தொடர்ந்தது. லூமிங், வா போகலாம், இங்கே தங்காதே. லூமிங் வீட்டில் படுத்திருக்கிறாள் என்பதே அந்த நேரத்தில் தோன்றவில்லை.

'வர்றேம்மா' என்று பதில் வந்தது. எப்போதும் கேட்கிற பதில். கேட்டதும் திவினா நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பதிலைக் குகை இங்கேயும் அங்கேயுமாகப் பலமுறை திருப்பிச் சொன்னது. எதிரொலி இவ்வளவு நேரமா கேட்கும் என்று வழியில் ஷெரில்கூட ஆச்சரியப்பட்டாள்.

எதிரொலி நாம் சொன்னதைத்தானே சொல்லும்? வர்றேன் என்று சொன்னது யார்?

வண்டி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடி நேராக்கினாள். பார்க்கக் கூடாது. வீடு வரட்டும்.

டொக்.

தகரத்தில் சின்னச் சத்தம். கல் தெறித்திருக்கும்.

டொக். டொக்.

அவள் பார்க்கவில்லை. பெட்டி இருந்த வலது பக்கம் முழுவதும் குளிர்ந்தது. சொட்டுச் சொட்டாக எதுவோ சாலையில் விழும் ஓசை கூடவே வந்தது. வேகத்தைக் கூட்டினாள். குதிகால்கள் அவசரப்படாமல் தட்டின.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தாள். காலையில் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. கிரிசிங் அக்கா ஜெபத்துக்குப் போய்விட்டாள் போல, அந்த வீடும் இருட்டு. மரப்படிகளில் தடுமாறி ஏறி, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, கதவோடு சாய்ந்து நின்றாள்.

சிம்னி விளக்கு வெளிச்சத்தில் லூமிங் பாயில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"கதவைத் தொறக்காதம்மா."

வெளியே என்ன இருக்கிறது என்று திவினா ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவள் கண்ணில் அடுப்படி உப்புச் சிரட்டை பட்டது. குகையிலிருந்து ஏறி வந்தது உப்பைத் தொடாது என்று ஊரில் சொல்வார்கள். ஒரு சிட்டிகை எடுத்து, பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு, விரலை நீட்டினாள். எப்படியாவது இதை நக்கிவிடு கண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாருடி நீ?"

"நீ கூட்டிட்டு வந்த புள்ளதான். மழையில கையைப் பிடிச்சேன். நீ விடல." குரலில் கோபமில்லை, நன்றி இருந்தது. "அங்க ரொம்பக் குளிரும்மா. எங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல."

ஒரு வாரம். ஒரு வாரமாக இதற்குச் சோறு போட்டு, தலைவாரி, போர்வை போர்த்தி அணைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அவள் பெற்றது அங்கே, அந்த இருட்டில், கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டு.

வெளியே தட்டல் நின்றது.

"அம்மா. கால் எட்டல. தூக்கி எறக்கு."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. பெற்றவளால் எப்படி முடியும்? தாழ்ப்பாளை இழுத்தாள். படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். பெட்டிக்குள் கை விட்டதும் இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. கால்கள் இடுப்பைச் சுற்றின. ஈரமுடி கன்னத்தில் ஒட்டியது. அதே பாரம். அதே பிடி.

"என் தங்கமே, வந்துட்டியா? அம்மா மறந்துட்டேன்டி. என்னை மன்னிச்சிருடி."

அழுதுகொண்டே வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். வாசற்படியில் அந்தக் குழந்தை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பயப்படவில்லை. உள்ளே வர வழி விட்டு, ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. அது சிரித்தது. அவளைப் பார்த்து இல்லை, அவள் தோளில் முகம் புதைத்திருந்ததைப் பார்த்து.

முதுகுக்குப் பின்னால் டொக் என்றது.

"அம்மா, அது நான் இல்லம்மா."

லூமிங்கின் குரல். பெட்டிக்குள்ளிருந்து. அழுது தேம்பி, மூக்கை உறிஞ்சி.

"என்னை எறக்கு."

"என்னை எறக்கும்மா," என்றது அதன் பக்கத்தில் இன்னொன்று, அதே குரலில்.

திவினா அசையவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் மெல்ல இறுகின. இருட்டில், அந்தச் சின்னத் தகரப் பெட்டி நிறைய, குதிகால்கள் தட்டத் தொடங்கின.