கடைசிப் பெட்டி

ஆர்லீன் கண்ணாடியில் யாரையோ பார்த்துச் சிரித்தாள். அம்மாவைப் பார்த்து அல்ல.

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தின் அந்தத் தொற்றுநோய் மருத்துவமனைக்குள் பெற்றவர்களை விடமாட்டார்கள். ஞாயிறு மதியம் தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். போலியோவில் மூச்சிழந்த பிள்ளைகள் கழுத்துவரை இரும்புப் பெட்டிக்குள் கிடந்தார்கள். பெட்டிதான் அவர்களுக்காக மூச்சு இழுத்து விட்டது. தலைக்கு மேல் சாய்த்து வைத்த கண்ணாடியில் முகம் மட்டும் தெரியும். ஆர்லீனுக்கு அடுத்து, சுவரோரம் இருந்த கடைசிப் பெட்டி காலி. அதிலிருந்த ரோலண்ட் என்ற பையன் வியாழக்கிழமை இறந்துவிட்டான். அப்படியிருக்க, அந்தப் பக்கம் பார்த்து இவளுக்கு என்ன சிரிப்பு? ஆர்லீனின் அம்மா வெர்னா ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

ஏரிப் பக்கமிருந்து புயல் ஏறி வந்தது. பட்டப்பகலில் வானம் அப்படியொரு கறுப்பு. இடி விழுந்தது, மின்சாரம் போயிற்று, எந்நேரமும் புஸ் புஸ் என்று கேட்டுக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஹாக்கெட் கத்தினாள். "எல்லாரும் உள்ள வாங்க! சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! பெட்டிக்கு ஒருத்தர், கால்மாட்டுல கைப்பிடி இருக்கு, இழுத்து இழுத்து விடுங்க. மூச்சில்லாம புள்ளைங்களால பேச முடியாது, நாக்கால டக் டக்னு தட்டும். அந்தச் சத்தத்தப் புடிச்சுப் போங்க!"

"பீர் பீப்பாய் உருட்டின கை இது, விடுங்க நர்ஸம்மா," என்று எமில் என்ற தகப்பன் முன்னால் ஓடினான்.

வெர்னா கடைசிக்கு ஓடினாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கிருமிநாசினி நெடி, சூடான ரப்பர் நெடி, அதற்கும் அடியில் ஈரமான ஏதோ ஒன்று. கைக்கு இரண்டு பெட்டிகள் தட்டுப்பட்டன. சுவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எது ஆர்லீன்? அடக் கடவுளே, எது?

இடப்பக்கம் டக், டக், டக்.

வலப்பக்கம், "அம்மா! இங்க இருக்கேம்மா!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வாரம் ஆயிற்று! வெர்னா வலப்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பெட்டிக்குக் காற்றடிக்கும் துருத்தி முனகியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தாலும் விடவில்லை. என் பிள்ளை சாகக் கூடாது, அவ்வளவுதான்.

டக். டக்.

"பக்கத்துல யாரும்மா தட்டுறது?" என்றாள் வெர்னா.

"யாருமில்லம்மா. அது காலி. நீ நிறுத்தாத."

இழுத்தாள். விட்டாள். இழுத்தாள்.

டக்.

அப்போதுதான் உறைத்தது. இவள் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே அந்தக் குரல் கூப்பிட்டுவிட்டது. மூச்சே இல்லாமல். இப்போதும் துருத்தி உள்ளே இழுக்கும்போதும் பேசுகிறது, வெளியே விடும்போதும் பேசுகிறது. மூச்சு வெளியே வரும்போதுதானே யாராலும் பேச முடியும்?

கையை எடுக்கப் பார்த்தாள்.

"விட்டா செத்துருவேம்மா." ஆர்லீனின் குரலேதான். காய்ச்சல் வந்த அன்று அழுதாளே, அதே அழுகை. "நெஜமா செத்துருவேன்."

இந்தக் கை தவறான பெட்டியில் இருந்தால்? சரியான பெட்டியாக இருந்து விட்டுவிட்டால்? "நர்ஸ்! இங்க வா! வெளக்கு!" என்று வீறிட்டாள். இடியில் அது யார் காதிலும் விழவில்லை. கை இழுத்தது. விட்டது. இழுத்தது.

இடப்பக்கம் சத்தமில்லை.

விளக்குகள் எரிந்தன. பெட்டிகள் எல்லாம் புஸ் என்று மூச்செடுத்தன. இடப்பக்கத்துக் கண்ணாடியில் ஆர்லீன். வாய் திறந்திருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கண்கள் அம்மா நின்ற பக்கமே திரும்பியிருந்தன. இமைக்கவில்லை. பெட்டி அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தது.

வலப்பக்கத்துப் பெட்டியில் கழுத்துக்கான ஓட்டை வெறுமையாக இருந்தது. துவைத்து மடித்த போர்வை ஒன்று, அவ்வளவுதான்.

"அழாதம்மா," என்றது அந்த ஓட்டை, ஆர்லீனின் குரலில். "இழு."

வெர்னா இழுத்தாள்.